கிளெனிஸ் நடந்த தெரு

“தினமும் நடங்க, கிளெனிஸ். மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை உங்க கால்தான் செய்யணும்” என்றார் டாக்டர் மிக்காயில்.

“எங்க டாக்டர் நடக்கிறது?”

அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வெளியிலதான். உங்க தெருவுல.”

“நீங்க எங்க தெருவுக்கு வந்திருக்கீங்களா?”

வந்ததில்லை. எகிப்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர், எங்கள் பக்கத்தில் காசு வாங்காமல் பார்க்கிற ஒரே டாக்டர். வெளியே நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்த கூட்டத்தை மாலைக்குள் அவர் பார்த்து முடிக்க வேண்டும். சர்க்கரை ஏறிப்போய், ரத்த அழுத்தமும் ஏறிப்போய் முன்னால் உட்கார்ந்திருந்த கிளெனிஸுக்கு அவரால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு சொல்தான். துணைக்குப் போயிருந்த நான் அவளுடைய கைப்பையை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தோம்.

சிட்னியின் மேற்கு ஓரத்தில், அரசாங்க வாடகை வீடுகள் மட்டுமே இருந்த வில்லராவில் நாங்கள் குடியிருந்தோம். கட்டினவர்களுக்கு என்ன தோன்றியதோ, வீடுகளை எல்லாம் திருப்பி வைத்துவிட்டார்கள். வாசல்கள் பின்னால் ஓடும் சந்துகளைப் பார்க்கும், தெருவுக்கு முதுகு. தெருவில் என்ன நடந்தாலும் பார்க்க ஒரு கண் கிடையாது. மளிகைக் கடைக்கு அடிக்கடி யாராவது தீ வைத்ததால் கடைக்காரர் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியது சாராயக் கடையும் உருளைக்கிழங்கு வறுவல் கடையும். ஒரு முட்டைக்கோஸ் வேண்டுமென்றால் பஸ் மாறிப் போக வேண்டும். டாக்சி வராது. பீட்சாக்காரன் வரமாட்டான். ஆம்புலன்ஸ் வரும், ஆனால் போலீஸ் துணைக்கு வரும்வரை தெருமுனையிலேயே நிற்கும். கிளெனிஸின் கணவன் ரான் மார்பைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் விழுந்த அன்றும் அப்படித்தான் நின்றது. இதை நாங்கள் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டதுகூட இல்லை. மழை வந்தால் நனைவோம் என்பதுபோல அதுவும் ஒன்று.

கிளெனிஸ் அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கோழி வெட்டி அடைக்கும் தொழிற்சாலையின் குளிர் அறையில் நின்று வேலை பார்த்தவள். மணிக்கட்டு வீங்கி விரல் மடங்காமல் போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு வேலை கேட்டு எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டாள், பதிலே வராது. ஒருமுறை அக்கா வீட்டு விலாசத்தைப் போட்டு எழுதினாள், உடனே கூப்பிட்டார்கள். நேரில் போய் வில்லராவில் இருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னாள். ‘தகவல் சொல்றோம்’ என்றார்கள். அதோடு அவள் எழுதுவதை விட்டாள். மகன் டேரன் பெர்த் பக்கம் சுரங்கத்தில் இருந்தான். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான்.

டாக்டர் சொன்ன மறுநாள் அவள் உண்மையாகவே நடக்கக் கிளம்பினாள். சந்தின் முனைக்குப் போவதற்குள் அங்கே குடியிருந்த ஜேடன் வீட்டு நாய் புல்லட் வேலியைத் தாண்டிக் குதித்தது. கடிக்கவில்லை. ஆனால் அவளைக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்தி வைத்துக் குரைத்துக்கொண்டே இருந்தது. யாரும் வெளியே வரவில்லை. அது போன பிறகு, கண்ணாடிச் சில்லு கிடந்த நடைபாதையில் கொஞ்ச தூரம் போனாள். பின்னால் வந்த கார் வேகத்தைக் குறைத்தது. உள்ளே பையன்கள். முட்டை ஒன்று அவள் தோளில் உடைந்தது.

சட்டையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“நடந்துட்டு வந்துட்டேன் பெவ்” என்றாள்.

“எப்படி இருந்துச்சு?”

“ஆம்லெட் போடுற அளவுக்கு இருந்துச்சு.”

சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் அவள் வெளியே வரவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வறுவலும் வெள்ளை ரொட்டியும் இனிப்புப் பானமும். ராத்திரியில் போலீஸ் ஹெலிகாப்டர் கூரைமேல் சுற்றும், தூக்கம் வராது. பகலில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. “கால் ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி இருக்கு” என்பாள்.

ஒருநாள் காலையில் என் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிளெனிஸ் தன் கொல்லையில், துணி காயப்போடும் சுழல் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். பழைய செருப்பு, கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தவள் செய்னி. அவள் பக்கத்து வேலியில் பலகைகள் விழுந்து எத்தனையோ காலம் ஆகியும் வீட்டு வாரியம் சரி செய்து தரவில்லை. அந்த ஓட்டை வழியே செய்னியின் தலை நீண்டது.

“ஏ கிளெனிஸ், என்னத்தைத் தொலைச்ச?”

“புத்தியை. இங்கதான் எங்கயோ விழுந்துருக்கணும்.”

“ஒரே பக்கமாச் சுத்தாத. தலை கிறுகிறுத்து விழுந்தா உன்னைத் தூக்க எங்க சபை ஆம்பளைங்க மொத்தப் பேரும் வரணும்.”

“ஆமா, நீ பெரிய நூல் மாதிரி இருக்க, பேச வந்துட்ட.”

செய்னி டோங்காக்காரி, பசிபிக் தீவிலிருந்து வந்தவள். மலை மாதிரி உடம்பு, ஞாயிற்றுக்கிழமை சபையில் அவள் பாடினால் கூரை அதிரும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. அவளுக்கும் சர்க்கரை. கணவன் வில்லியாமிக்கு அதனாலேயே ஒரு கால் போய், பின்வாசலில் சக்கர நாற்காலியில் இருப்பான். அன்று அவள் வேலி ஓட்டை வழியே உடம்பைத் திருப்பித் திருப்பி நுழைந்து வந்து கிளெனிஸோடு சேர்ந்து நடந்தாள். மறுநாளும் வந்தாள். நடந்து முடித்துப் படிக்கட்டில் உட்கார்ந்ததும், “காலைக் காட்டு” என்றாள்.

“எதுக்கு?”

“உள்ளங்காலைக் காட்டு கிளெனிஸ். வில்லியாமிக்கு ஆணி குத்தினதே தெரியல. அதோடயே வேலைக்குப் போயிட்டு வந்தான். இப்ப முட்டிக்குக் கீழ ஒண்ணுமில்ல. உன் காலை உன்னால குனிஞ்சு பாக்க முடியாது, என் காலை என்னால பாக்க முடியாது. நீ என்னோடதப் பாரு, நான் உன்னோடதப் பாக்குறேன்.”

“கல்யாணமான நாளிலேர்ந்து ரான் ஒருநாளாவது என் காலைப் பாத்ததில்ல” என்று முனகிக்கொண்டே கிளெனிஸ் காலை நீட்டினாள்.

பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். எதிர்ச் சந்திலிருந்து டெஸ் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பிடித்து, நெஞ்சு கெட்டுப்போனவர். அவரால் நடக்க முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, “வேகமாப் போங்கடி, கிழட்டுக் கோழிகளா!” என்று கத்துவார். கத்தினால் இருமல் வரும். இருமி முடித்துவிட்டு மறுபடி கத்துவார்.

கூட்டம் கொல்லைக்குள் அடங்காமல் போனபோது, தெருவுக்குப் போவோம் என்றாள் செய்னி. “நாய்?” என்று கேட்டேன். கிளெனிஸ் நேராகப் போய் ஜேடன் வீட்டுக் கதவைத் தட்டினாள். நாங்கள் பின்னால் நின்றோம். கதவைத் திறந்த ஜேடன் இருபது வயதுப் பையன், கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்தான்.

“உன் நாயைக் கட்டு” என்றாள்.

“அது ஒண்ணும் பண்ணாது ஆன்ட்டி.”

“உன்னை ஒண்ணும் பண்ணாதுடா, நீதானே தீனி போடுற. எங்களைப் பாத்தா அதுக்குத் தீனியாவே தெரியுது.”

அவன் சிரித்துவிட்டான். பிறகு குரல் தணிந்தது. “கட்டிப்போட்டா எவனாவது உள்ள புகுந்துடுறான் ஆன்ட்டி. டிவியைத் தூக்கிட்டானுங்க. அம்மா பயந்துபோய்ப் படுத்துட்டாங்க, வெளிய வர்றதே இல்ல.”

“நாங்க காலையில நடக்கிறோம். அந்நேரம் திருடன் தூங்கிக்கிட்டு இருப்பான். அப்ப மட்டும் கட்டு. உங்கம்மாவையும் அனுப்பி வை.”

புல்லட்டைக் கட்டினான். அவன் அம்மாவும் ஒருநாள் வந்தாள், முதலில் வாசல் வரைக்கும், பிறகு தெருமுனை வரைக்கும். முட்டை வீசின பையன்களில் ஒருவனுடைய அம்மாவும் எங்களோடு நடக்க வந்தாள். அதோடு முட்டை நின்றது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் அந்தப் பூசணம் எங்கள் எல்லார் நெஞ்சிலும் இறங்கியது. கோடையில் வீடு அடுப்புப் போலக் காய்ந்தது. நடந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தியைப் புருஷன் அடித்து, அவள் பிள்ளைகளோடு எங்கோ போய்விட்டாள். ஆனால் கிளெனிஸுக்குச் சர்க்கரை இறங்கியது. தூக்கம் வந்தது. தெருவில் யாருக்கு என்ன என்பது யாருக்காவது தெரிந்திருந்தது. காலையில் ஒருத்தி வராவிட்டால் நாங்கள் போய்க் கதவைத் தட்டுவோம்.

டாக்டர் மிக்காயில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து முகம் மலர்ந்தார். “பாத்தீங்களா, இந்தப் புது மாத்திரை உங்களுக்கு நல்லா ஒத்துக்குது.”

கிளெனிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஆமா டாக்டர். ரொம்ப நல்லா ஒத்துக்குது.”

வெளியே வந்ததும், “ஏண்டி சொல்லல?” என்றேன்.

“பாவம் பெவ். நாள் முழுக்க அந்த அறைக்குள்ள உக்காந்திருக்கார். அவருக்கும் ஏதாவது ஒண்ணு பலிச்ச மாதிரி இருக்கட்டும்.”

அடுத்த வருஷம் வில்லராவை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. சமூகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மேசைமேல் அட்டையால் செய்த குட்டி வீடுகள், பஞ்சால் செய்த மரங்கள். ஃபெலிசிட்டி என்ற இளம் அதிகாரி பேசினாள். நல்ல பெண், நாங்கள் சொன்னதை எல்லாம் காது கொடுத்துக் கேட்டாள்.

“இது உங்க உடம்புக்கும் நல்லது. கஷ்டப்படுறவங்க எல்லாரையும் ஒரே இடத்துல குவிச்சு வெச்சா எல்லாருக்கும் ஆரோக்கியம் கெடுது. நல்ல பூங்கா, நல்ல கடை, நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற இடத்துல பிரிச்சுக் குடிவெச்சா உங்க வாழ்க்கையே மாறும்.”

“அழுகின முட்டையைப் பொறுக்கி வேற வேற பெட்டியில வெக்கிற மாதிரியாம்மா?” என்றார் டெஸ். கூடம் சிரித்தது. ஃபெலிசிட்டியின் முகம் சிவந்துவிட்டது.

கிளெனிஸ் எழுந்தாள். “பூசணம் இல்லாத வீடு தர்றீங்க, சந்தோஷம். எனக்கு ஒண்ணே ஒண்ணு. நானும் செய்னியும் ஒரே தெருவுல இருக்க முடியுமா?”

“அவங்க பெரிய குடும்பம், நீங்க தனி ஆள்... வீடு காலியாகிற இடத்தைப் பொறுத்து... முயற்சி பண்றோம்.”

முயற்சி செய்திருப்பாள். ஆனாலும் செய்னி குடும்பத்துக்கு ரயில் கடைசியாக நிற்கிற தெற்குப் பக்கம் கிடைத்தது. எனக்குப் பழைய நகரம் ஒன்றில் மாடி அறை. டெஸை மலைப்பக்கம் ஒரு முதியோர் விடுதியில் விட்டார்கள். அங்கே முதல் குளிரிலேயே போய்விட்டார். எங்களுக்குச் செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

கிளெனிஸுக்குக் கிடைத்ததுதான் எல்லாவற்றிலும் நல்லது. புதுக் கட்டடத்தில் தரைத்தளம், வெள்ளைச் சுவர், எதிரே ஏரி, ஏரியைச் சுற்றி வழுவழுவென்று நடைபாதை. நான் பார்க்கப் போனபோது ஒரு நாய்கூடக் கயிறு இல்லாமல் இல்லை. அவளுடைய இருமல் நின்றிருந்தது. “ராத்திரி சத்தமே இல்ல பெவ். முதல்ல செத்துட்டேன்னே நினைச்சேன்” என்றாள்.

முதலில் அந்த ஏரியைச் சுற்றி நடக்கத்தான் செய்தாள். எதிரே வருகிறவர்களுக்கு “குட் மார்னிங்” சொன்னாள். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு அவர்கள் கடந்து போனார்கள். ஒருநாள் களைத்துப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் மரியாதையாகக் குனிந்து கேட்டாள்: “யாரையாவது தேடுறீங்களா? வழி தவறிட்டீங்களா?” இல்லை, இங்கேதான் குடியிருக்கிறேன், அந்தக் கட்டடம் என்று கை காட்டினாள். “ஓ, அந்த வீடுங்களா” என்றாள் அந்தப் பெண். கட்டடத்தில் எவை வாரியத்து வீடுகள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கிளெனிஸின் வீட்டு முன்தாழ்வாரத்தில் உள்ளாடை காய்வது பற்றி நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அவள் என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. “கெட்டவங்க இல்ல பெவ். அவங்களுக்கு நான் தேவைப்படல, அவ்வளவுதான்.”

மெல்ல மெல்ல ஏரிப்பக்கம் போவதை விட்டாள். அங்கே உள்ள டாக்டர் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. மிக்காயிலிடம் போக ரயில் மாற வேண்டும், அதுவும் நின்றது. இப்போது பீட்சாக்காரன் வாசலுக்கே வந்தான். “எங்க வேணும்னாலும் வைப்பான், ‘மேடம்’னு கூப்பிடுறான்” என்று சிரித்தாள். நான் மாதத்துக்கு ஒருமுறை போவேன், பிறகு என் முட்டிவலியால் அதுவும் குறைந்தது. செய்னிக்கு இரண்டு இடத்தில் வேலை. போனில் பேசிக்கொள்வார்கள்.

குளிர் முடிகிற சமயம் நான் போனபோது கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. குப்பை என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் இருந்தாள், கம்பளிக் காலுறை போட்டிருந்தாள். காய்ச்சலில் கண் பளபளத்தது. “சளிதான்” என்றாள். காலுறையை நான்தான் உருவினேன். புதுச் செருப்பு கடித்த புண். பாதத்தின் முன்பகுதி கறுத்துவிட்டது. அவளுக்கு வலியே இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் நேராக உள்ளே வந்து பக்குவமாகத் தூக்கிப் போனார்கள்.

விரல்களோடு பாதிப் பாதத்தை எடுத்தார்கள். செய்னி வேலை முடிந்து சீருடையோடு ஓடி வந்தாள். காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். உட்காராமல் நின்றபடியே கத்தத் தொடங்கினாள்.

“யாரும் பாக்கலையா? ஒருத்தர்கூடப் பாக்கலையா உன் காலை?”

“யாரைப் போய்க் கேட்க, செய்னி? ஏரிக்கரையில நிறுத்தி, ‘என் உள்ளங்காலைக் கொஞ்சம் பாருங்க’ன்னா?”

செய்னி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்துப் படுக்கைக்காரி திரையை இழுத்துவிட்டாள்.

செய்னி வீட்டுப் பக்கம் மாற்றித் தரச் சொல்லி மனுப் போட்டோம். ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளரும் எழுதினார். இப்போது இருப்பதே நல்ல வீடு, படி இல்லாத வீடு, மாற்றக் காரணம் போதாது என்று பதில் வந்தது. அப்போதுதான் செய்னி சொன்னாள்: “என் கார் நிறுத்துற கொட்டகையில கட்டில் போடுறேன். வா.”

எல்லாரும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வாரியத்து வீட்டை விட்டால் திரும்பக் கிடைக்காது. டேரன் பெர்த்திலிருந்து போனில் கத்தினான். நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, பழையபடி ஈரம்.

“எனக்குத் தெரியும் பெவ்” என்றாள். “அங்க வெயில்ல வேகப்போறேன். ஆனா கூட யாராவது இருப்பாங்க.”

போனாள். காலையில் செய்னியின் மருமகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவளை எழுப்புவாள். ஊன்றுகோலோடு வில்லியாமியின் சக்கர நாற்காலி வரைக்கும் நடந்து போய் அவனோடு சீட்டு ஆடுவாள். அவன் ஏமாற்றுவான், இவள் திட்டுவாள். சர்க்கரை ஓரளவு இறங்கியது. இருமல் திரும்ப வந்தது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கோடையில் வெப்பம் நாள்கணக்காக இறங்காமல் நின்றது. பெரிய வீட்டுக்குள் வந்து படு என்று செய்னி சொன்னாள். குழந்தைகளுக்கே இடமில்லை என்று இவள் வரவில்லை. மத்தியானம் நெற்றியில் போட்ட ஈரத்துணியை மாற்றப் போன மருமகள் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், கிளெனிஸ் எழவில்லை. இதயம் தாங்கவில்லை என்றார் வந்த டாக்டர்.

அடக்கத்துக்கு டோங்கா சபை முழுக்க வந்து பாடியது. டேரன் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான், அவ்வளவு பேரை அவன் எதிர்பார்க்கவில்லை. முடிந்த பிறகு நானும் செய்னியும் அந்தக் கொட்டகையைப் பெருக்கிக் கழுவினோம். நான் போர்வைகளை மடித்தேன். அவள் எப்போதும்போலத் தரையைத் துடைத்தாள், மூலைமூலையாக, அவசரமே இல்லாமல். வெயில் அன்றும் இறங்கவில்லை. தகரத்தில் கை வைக்க முடியவில்லை.

“நான் கூப்பிட்டிருக்கக் கூடாதோ பெவ்?” என்றாள், துடைப்பதை நிறுத்தாமல்.

“எனக்குத் தெரியல செய்னி.”

உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. ரயிலுக்குக் கிளம்பும்போது ஒரு தட்டு நிறையப் பன்றிக்கறியும் கிழங்கும் வைத்து, காகிதம் சுற்றிக் கையில் திணித்தாள். மடியில் அது சூடாக இருந்தது. தூரம் அதிகம். பாதி வழியில் தூங்கிப்போய்விட்டேன்.